திரையில் கிடைத்த நாலு விரல் இடம்

ஆண்டர்சன்பேட்டையில் புதிதாக ஆன்லைன் சென்டர் திறந்திருக்கும் ஒரு பெண் போன வாரம் எனக்கு ஃபோன் செய்தாள். "அக்கா, மானிட்டர் சின்னது. பிரவுசர்ல மேல கீற பட்டைங்களே பாதி இடத்த முழுங்கிடுது. இன்னா பண்றது?" என்று கேட்டாள். நான் ஃபோனிலேயே நாலு வழி சொன்னேன். வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருந்திருக்கும். கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்து பார்த்தேன், மனசு அடங்கவில்லை. அதனால் அவளுக்கும், இந்தத் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோலாருக்கு அருகே, தங்கச் சுரங்கங்கள் இருந்த நம் ஊரில், ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்தில் ரொம்ப வருஷம் ஆன்லைன் சென்டர் நடத்தியவள் நான். கண் ஒத்துழைக்காமல் போனதால் விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சும்மா உட்கார எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

முதலில் அந்த நாலு வழி. புக்மார்க் பட்டையை எடுத்துவிடுங்கள், அதில் சேர்த்து வைத்திருக்கும் முகவரிகளில் பாதி இப்போது திறக்காது. யாரோ எதையோ இறக்கும்போது கூடவே வந்து ஒட்டிக்கொண்ட டூல்பார்களைப் பிய்த்து எறியுங்கள். திரையின் அடிப்பக்கம் இருக்கும் பட்டை வேலையில்லாதபோது தானாக ஒளிந்துகொள்ளும்படி வையுங்கள். பக்கத்தின் அளவை எண்பது சதவீதத்துக்கு இறக்குங்கள், நூறில்தான் பார்க்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இதற்கு மேலும் இடம் வேண்டுமென்றால் கீ போர்டில் எஃப் லெவன் இருக்கிறது, நான் சொல்லாமல் விட்ட ஐந்தாவது அதுவல்ல. அதைத் தட்டினால் டேப், முகவரி எல்லாம் மறைந்து பக்கம் மட்டும் திரையை நிரப்பும்.

இடம் என்பதை அழகுக்காகச் சொல்லவில்லை. நான் கடை திறந்த புதிதில் ஒரு பையன் போலீஸ் வேலைக்கு வேறெங்கேயோ விண்ணப்பம் போட்டுவிட்டு, ஹால் டிக்கெட் வரவில்லை என்று என்னிடம் வந்தான். பார்த்தால் விண்ணப்பம் கடைசிப் பக்கத்திலேயே நிற்கிறது. அனுப்புவதற்கான பொத்தான் திரைக்குக் கீழே இருந்திருக்கிறது, யாரும் இறக்கிப் பார்க்கவில்லை. அவனுக்கு அந்த வருஷம் வயது வரம்பு முடிகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே என் கம்ப்யூட்டர்களிலிருந்த டூல்பார்களையெல்லாம் எடுத்தேன்.

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். தேவராஜ் நிறுத்தவில்லை. கடையில் நான் பாதி, அவன் பாதி. பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன், தினம் ரயிலில் போய்வந்து அலுத்து ஊரோடு வந்து சேர்ந்தான். திரையில் ஒரு பட்டையைப் பார்த்தால் அவனுக்குக் கை அரிக்கும். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மானிட்டரில் விரலை வைத்து அளப்பான். "அக்கா, இன்னிக்கி ஒரு விரல் கெடச்சுது" என்பான். "இந்த அக்கறைய நீ கட்டின வூட்ல காட்டியிருந்தா ஒம் பொண்டாட்டி அடுப்படில திரும்பி நிக்கவாவது எடம் இருந்திருக்கும்" என்பேன். அவனுக்கு ரோஷமே வராது, அடுத்த பட்டையைத் தேடப் போய்விடுவான்.

பிரவுசருடைய பட்டைகள் தீர்ந்ததும் பக்கத்துடைய பட்டைகளில் கை வைத்தான். விளம்பரத்தை மறைப்பதற்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தான். அதில் ஒரு வசதி உண்டு: பக்கத்தின் எந்தத் துண்டைத் தொட்டுக் காட்டுகிறோமோ அந்தத் துண்டு மறைந்துவிடும், அடுத்த முறை திறந்தாலும் வராது. அரசாங்க சைட்டுகளின் தலைப்பட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு முத்திரை, இலாகாவின் பெயர் கன்னடத்தில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம், அதன் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் சிவப்பு எழுத்து. காலேஜ் சீட்டுக்கான கவுன்சலிங் சைட்டில் இதெல்லாம் சேர்ந்து நாலு விரல் அகலம். தேவராஜ் அதை ஒரே தட்டில் மறைத்தான். காலேஜ் பட்டியல் மேலேயிருந்து கீழே வரை ஒரே பார்வையில் தெரிந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பட்டையின் வலது ஓரத்தில், சின்ன எழுத்தில், உள்ளே நுழைந்திருக்கும் மாணவரின் பெயரும் இருந்தது. பட்டையோடு அதுவும் போயிருந்தது.

இனி அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

நர்சிங் சீட்டுக்கு எந்தக் காலேஜ் முதலில், எந்தக் காலேஜ் அடுத்து என்று வரிசைப்படுத்திக் கொடுக்க அன்றைக்குக் கடைசி நாள். ஏழு மணிக்கு சைட் மூடிவிடும். கொடுத்தால் மட்டும் போதாது, ஃபோனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாதது செல்லாது. கரெண்ட் வேறு போயிருந்தது. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் ஓடும், அது பழைய சதுர மானிட்டர். அந்த சைட் செல்ஃபோனில் ஒழுங்காகத் திறக்காது. அதனால் காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்காலியில் தேவராஜ், அவன் பக்கத்தில் கீர்த்தனா. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டுப் பெண். அப்பா இல்லை. அம்மா விஜயா பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்தாள். விடிவதற்கு முன்னால் ரயில் ஏறினால், இருட்டும்போது ரயிலில் திரும்புவாள். கீர்த்தனா கேட்டது கோலார் அரசாங்கக் காலேஜ். அது கிடைத்தால் பஸ்ஸில் போய்வந்து படித்துவிடலாம், மற்றவை அவர்களால் முடியாது.

"கெடைக்கலன்னா இன்னா பண்ணுவ?" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"அம்மாவோட போவேன். அம்மா கம்பெனிலயே சொல்லி வெச்சிட்டாங்க. எனக்கும் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிட்டாங்க அக்கா" என்றாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். எனக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

அவளுடைய வரிசையைத் தேவராஜ் போட்டு முடித்தான். கோலார் முதலில். சேமித்தாயிற்று. உறுதி செய்ய ஓடிபி அனுப்பச் சொன்னால், அது போனது விஜயாவின் ஃபோனுக்கு. விஜயா ரயிலில். கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: பிள்ளை நம் கடையில், ஓடிபி வாங்கும் ஃபோன் பெங்களூர் ரயிலில். வெளியூர்க் கடைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை புரியாது. நாமோ அதற்கென்று ஒரு வழக்கத்தையே வைத்திருக்கிறோம். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் முதல் ஆளுடையதை அப்படியே திறந்து வைத்துவிட்டு, பக்கத்து டேபில் அடுத்த ஆளுடையதை ஆரம்பித்துவிடுவோம். எத்தனையோ வேலைகளை அப்படித்தான் முடித்திருக்கிறோம். தேவராஜும் அதைத்தான் செய்தான்.

அடுத்த ஆள் மோனிகா. அவளும் நர்சிங்தான். அவளுடைய அப்பா முருகேசன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் ஃபோன் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது, ஆகவே அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தோம். தேவராஜ் புது டேபில் அதே சைட்டைத் திறந்து, மோனிகாவின் எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தான். பெங்களூர் காலேஜ்களாக வரிசை போட்டான். ஓடிபி கேட்பதற்கு முன்னால் முருகேசன் கையைக் காட்டினார். "ஸ்வல்ப இருங்க, எங்க அண்ணனக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் வியாபாரி. எதையும் இரண்டு பேரைக் கேட்காமல் செய்யமாட்டார்.

அப்போதுதான் விஜயாவின் ஃபோன் என் ஃபோனில் வந்தது. பின்னால் ஒரே சத்தம், வண்டி நிற்கிறது. "அக்கா, பங்காருபேட்டைல கீறேன். இப்போ சிக்னல் கீது, வண்டி எடுத்துட்டா போயிடும். முன்ன வந்த நம்பர் இப்பதான் வந்து வுழுந்துச்சு, அது ஆவுமா?"

அது ஆகாது, நேரம் கடந்த நம்பர். "புதுசு அனுப்பறோம், லைன்லயே இரு" என்றேன். தேவராஜ் கீ போர்டில் தட்டி முதல் டேபுக்குப் போனான். அங்கே கீர்த்தனாவின் வரிசை நாங்கள் விட்டுப்போனபடியே இருந்தது, கோலார் முதலில். ஓடிபி அனுப்பு என்பதை அழுத்தினான். ஆறு கட்டம் வந்து நின்றது.

"வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வரலியே அக்கா" என்றாள் விஜயா.

மணி ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. கீர்த்தனா எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் காத்திருந்தவர்கள் எங்கள் முதுகோடு ஒட்டி நின்றார்கள். தேவராஜ் இன்னொரு தரம் அழுத்தினான். "இப்போ?"

"இல்லக்கா. சிக்னல் நல்லா கீது, ஒண்ணுமே வரல."

அந்த நேரத்தில் வாசலிலிருந்து முருகேசன் உள்ளே வந்தார். "எனுக்கு ஏன் நம்பர் வருது? நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே. ரெண்டு தபா வந்துடுச்சு" என்று ஃபோனைப் பார்த்தபடியே அந்த ஆறு எண்ணையும் படித்தார். அவர் படித்ததும் தேவராஜின் விரல் தன்பாட்டுக்கு அடித்துவிட்டது. அவனைக் குறை சொல்லமாட்டேன். கட்டம் ஆறு, எண் ஆறு, எல்லோரும் நம்பர் எங்கே என்று துடித்துக்கொண்டிருக்கிறோம், பின்னாலிருந்து ஒரு குரல் நம்பரைச் சொல்கிறது. சுட்டி, உறுதி செய் என்ற பொத்தானின் மேலே போய்விட்டது.

எனக்கு மட்டும் ஒரு காதில் விஜயா, மறு காதில் முருகேசன். இந்தக் காதில் வரவில்லை என்கிறாள், அந்தக் காதில் வந்துவிட்டது என்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தேவராஜின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கை எடு."

"அக்கா, டைம் போவுது."

"கை எட்றா. டோக்கன் யாருது, மொதல்ல அதச் சொல்லு."

சுரங்கத்தில் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட டோக்கன் உண்டு என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். சுரங்கம் மூடினாலும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு மட்டும் தங்கிவிட்டது. தட்டில் வைத்த சோறு யாருக்கு என்பதைக்கூட டோக்கன் யாருது என்றுதான் கேட்போம். தேவராஜுக்கும் அது புரியும், அவன் வீட்டிலும் அதே பேச்சுதான்.

"கீர்த்தனாவுதுக்கா. பாருங்க, கோலார் மேல கீது."

"அப்ப அவரு ஃபோன் ஏன் அடிக்குது?"

கீர்த்தனா அழ ஆரம்பித்துவிட்டாள். "அழுத்துங்கக்கா, அழுத்துங்க, மூடிடப் போறான்" என்றாள். பின்னாலிருந்து யாரோ, வந்த நம்பரைப் போட்டுவிட வேண்டியதுதானே, இன்னா யோசனை என்றார்கள். அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருப்பதுதான் என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை என்று இப்போது நினைக்கிறேன். அழுத்தியிருந்தால் அந்த நிமிஷமே எல்லோரும் அமைதியாகியிருப்பார்கள்.

எஃப் லெவனைத் தட்டி முழுத்திரையை விலக்கினேன், மேலே டேப்கள் வந்தன. அந்த எக்ஸ்டென்ஷனை நிறுத்தினேன். பக்கம் மறுபடி ஏறியது. முத்திரை வந்தது, சிவப்பு எழுத்து ஓடியது, வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பெயர். மோனிகா. கீழே இருந்த வரிசையும் மாறி, பெங்களூர் காலேஜ்களாக நின்றது.

ஒரே பிரவுசரில் ஒரே சைட்டுக்குள் இரண்டு பேர் இருக்க முடியாது. இத்தனை நாள் பக்கத்து டேபில் திறந்தவை வேறு வேறு சைட்டுகள், அதனால் எங்களுக்கு இது தட்டுப்படவில்லை. இரண்டாவது ஆள் நுழைந்த நிமிஷமே முதல் ஆள் வெளியே போயாயிற்று. முதல் டேபில் தெரிந்தது கீர்த்தனாவுடைய பக்கத்தின் பழைய தோற்றம் மட்டும், உள்ளே இருந்தது மோனிகா. அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால், அப்பா இன்னும் முடிவே செய்யாத மோனிகாவின் வரிசை உறுதியாகிப் பூட்டிக்கொண்டிருக்கும். முடிந்தது என்று சொல்லிக் கீர்த்தனாவை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அவளுடையது உறுதியாகாமலே ஏழு மணிக்கு மூடியிருக்கும். சீட் பட்டியல் வரும் நாள் வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

தேவராஜின் முகம் வெளுத்துவிட்டது. "வெளிய போயி மறுபடி நொழையட்டுமா?" என்றான். முருகேசனுக்குக் கோபம். "எங்களுது தான தொறந்து கீது? இத முடிச்சுட்டு அவங்களுது பாருங்க. வெளிய போனா மறுபடி உள்ள வுடுவானா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். கடைசி நாளில் அந்த சைட் ஒருவரை உள்ளே விட எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இரண்டு பெண்ணில் எவளை வெளியே தள்ளுவது? தேவராஜ் என்னைப் பார்க்கிறான், முருகேசன் என்னைப் பார்க்கிறார், ஃபோனில் விஜயா "அக்கா, வண்டி எடுக்கறாங்க" என்கிறாள், அதோடு அவள் குரல் அறுந்தது.

"ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றேன். "அந்தப் பழைய பிரவுசரத் தொற."

எல்லாக் கம்ப்யூட்டரிலும் வாங்கும்போதே கூட வரும் ஒரு பிரவுசர் இருக்குமே, அது. தேவராஜ் அதைக் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளி வைத்திருந்தான். அதை அவன் சுத்தம் செய்யவே இல்லை, அது பிரவுசரே இல்லை என்பான். திறந்தால் மேலே நாலைந்து பட்டை, ஓரத்தில் வானிலை, இன்னொரு ஓரத்தில் யாருக்கும் வேண்டாத செய்தி. எல்லாம் போக பக்கம் தெரிந்தது ஒரு ஜன்னல் சந்து அளவு. ஆனால் இது வேறு பிரவுசர். அங்கே மோனிகா உள்ளேயே இருக்கலாம், இங்கே கீர்த்தனா நுழையலாம்.

"நீ ஒக்காரு" என்று கீர்த்தனாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். பாஸ்வேர்ட் அவளுக்குத்தான் மனப்பாடம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தாள். கோணல் எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் இடத்தில் ஒரு தரம் தப்பாகி, மறுபடி போட்டாள். வட்டம் சுற்றியது. நான் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் அவள் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "ஆட்டாதீங்கக்கா" என்றாள். உள்ளே விட்டான். தலைப்பட்டை திரையில் பாதியை அடைத்துக்கொண்டு வந்தது, அதன் ஓரத்தில் கீர்த்தனா என்று இருந்தது. ஓடிபி அனுப்பு என்பதை அவளே அழுத்தினாள்.

முருகேசனைப் பார்த்தேன். அவர் ஃபோனைத் தூக்கிக் காட்டினார். "எனுக்கு வரலம்மா" என்றார். ஒருவருக்கு ஓடிபி வரவில்லை என்று நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

சரி, போக வேண்டிய ஃபோனுக்குப் போயிற்று. அந்த ஃபோன் எங்கே? பங்காருபேட்டைக்கும் ஊரிகத்துக்கும் நடுவில், ஓடும் வண்டியில். கூப்பிட்டேன், போகவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். கீர்த்தனா கண்ணை மூடிக்கொண்டாள். தேவராஜ் சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

தெரியாத நம்பரிலிருந்து ஒரு கால் வந்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், ரயில் சத்தத்துக்கு மேலே கத்தியது. "ஊரிகம் சென்டரா? விஜயாக்கா பக்கத்துல நிக்கறேன். அவங்க நெட்வொர்க்ல பேச்சு போவல, மெசேஜ் மட்டும் வந்து கீது. இந்த எடத்துல என்னுது எடுக்கும், அதான் பண்றேன். நம்பர் எழுதிக்கோங்க." தினம் ரயிலில் போய்வருகிறவர்களுக்கு எந்த வளைவில் எந்த சிம் எடுக்கும் என்பது அத்துப்படி. அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன், கீர்த்தனா அடித்தாள்.

உறுதி செய்யும் பொத்தான் திரையில் இல்லை. இடமில்லாத பிரவுசர் ஆயிற்றே, அது எங்கேயோ கீழே இருந்தது. "இறக்கு, இறக்கு" என்று மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். இறக்கினாள், வந்தது. கையை அதன் மேல் வைத்துவிட்டு நிறுத்தினாள். மறுபடி மேலே ஏற்றி, பட்டையின் ஓரத்தில் தன் பெயரை ஒரு தரம் பார்த்துவிட்டு, இறங்கி வந்து அழுத்தினாள். அந்தப் பதற்றத்திலும் அவள் அப்படிச் செய்தது என் மனசில் நின்றுவிட்டது. பச்சை எழுத்து வந்தது.

"ஆயிதா?" என்று ஃபோனில் அந்தப் பெண் கன்னடத்தில் கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று குரல்கள் அதையே கேட்டன. "ஆச்சு, ஆச்சு" என்றேன். அந்தப் பெட்டியில் எழுந்த சத்தம் எங்கள் கடை முழுக்கக் கேட்டது. முருகேசனும் அதற்குள் அண்ணனை மறந்துவிட்டுத் தானே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மோனிகாவுடையதும், பெயரைப் பார்த்த பிறகே, ஏழுக்குள் முடிந்தது.

மறுநாள் தேவராஜ் எனக்கு முன்னால் கடைக்கு வந்துவிட்டான். மறைத்து வைத்திருந்த தலைப்பட்டைகளை ஒவ்வொரு சைட்டாகத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தான். இரண்டு ஆள் என்றால் இரண்டு பிரவுசர் என்று அவனே ஒரு விதியும் போட்டான். ஆனாலும் மனசு ஆறவில்லை. மானிட்டரில் விரலை வைத்து அளந்து, "நாலு விரல் போச்சேக்கா" என்றான். "போவட்டும் போ" என்றேன். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஆண்டர்சன்பேட்டைப் பெண்ணே, நான் சொல்லாமல் விட்ட ஐந்தாவது இதுதான். பிரவுசரின் பட்டைகளை எவ்வளவு வேண்டுமானாலும் உரித்துப் போடு. பக்கத்தில் கை வைப்பதற்கு முன்னால், உனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பெயர் எந்தத் துண்டில் இருக்கிறது என்று பார். அதைத் தொடாதே. அவசரம் தலைக்கு ஏறும்போது நமக்கு இருக்கிற ஒரே பிடிமானம் அதுதான். வேறு யாருடைய ஃபோனோ அடித்தால், கூட்டம் என்ன கத்தினாலும் கையை எடுத்துவிடு.

அன்றைக்கு ரயில் வந்த பிறகு நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். விஜயா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை, நேரே கடைக்கு வந்தாள். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. தோளில் பை, பைக்குள் காலி டிபன் பாக்ஸ் ஸ்பூனோடு சத்தம் போட்டது. முடிந்தது என்று அவளுக்கு ரயிலிலேயே தெரியும். ஆனாலும் கீர்த்தனாவைக்கூடப் பார்க்காமல் மானிட்டரிடம் வந்தாள்.

"எங்கக்கா, எம் பொண்ணு பேரு எங்க கீது? காட்டுங்க."

அந்தப் பழைய பிரவுசர் மூடாமல்தான் இருந்தது. பட்டையின் ஓரத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், எழுத்து பொடி, அவளுக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தின் அளவை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். முத்திரை ஒரு பக்கம் தள்ளிப்போனது, காலேஜ் வரிசையெல்லாம் கீழே இறங்கிப் போனது, திரை முழுக்கக் கீர்த்தனாவின் பெயர் மட்டும் நின்றது. விஜயாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கடைசி வரை படித்தாள். படித்து முடித்த பிறகுதான் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தேவராஜ் இன்வெர்ட்டரைப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டான்.

சீட் கிடைத்ததா என்று கேட்பீர்கள். காலேஜ் திறந்த அன்று விடிவதற்கு முன்னால் விஜயா எப்போதும்போலத் தன்னுடைய பழைய டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பெங்களூர் ரயிலில் ஏறினாள். புது டிபன் பாக்ஸ் கோலார் பஸ்ஸில் போயிற்று.